சுற்றவிட்டுப் பார்த்து வாங்குங்கள்: இணையத்தில் பழங்காசும் சுழல் படமும்

பிற்காலப் பாண்டியர் செப்புக்காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நட்டுக்குத்தாக இரண்டு கயல், நடுவில் செண்டு என்னும் வளைகோல். நன்றாகத் தேய்ந்த காசு, மேடு என்று மிஞ்சியிருப்பது முடியளவுதான். விளக்கைக் காசின் தலைமாட்டில், அதாவது பன்னிரண்டு மணி நிலையில் வைத்துப் படம் எடுத்தால் செண்டு காணாமல் போய்விடும். கயல்களின் உடற்கோடும் பாதி கரைந்துவிடும். அதே விளக்கை ஒன்பது மணி நிலைக்கு நகர்த்திப் பாருங்கள், செண்டு நிழலோடு எழுந்து நிற்கும். காசும் கேமராவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாறியது வெளிச்சம் வரும் திசை மட்டும்.

வெளிச்சம் ஓடும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. குறுக்காக ஓடும் கோட்டுக்குத்தான் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் கிடைக்கும். ஒரே ஒரு படத்தை வைத்துக் காசு வாங்குகிறவர், விற்பவர் எந்தத் திசையில் விளக்கை வைத்தாரோ அந்தத் திசைக்குத் தெரிந்ததை மட்டும் பார்த்து வாங்குகிறார். பல நேரம் விற்பவருக்கே இது தெரியாது. சிலருக்கு நன்றாகவே தெரியும், தேய்ந்த எழுத்தை எடுப்பாக்க உளியால் கொத்திய தடம் தெரியாத திசையாகப் பார்த்து விளக்கை வைப்பார்கள். காசைச் சுற்றவிட்டு எடுத்த படம் இந்த இரண்டையும் சரிசெய்கிறது. எந்தத் திசை வெளிச்சத்தில் பார்ப்பது என்ற முடிவு வாங்குகிறவர் கைக்கு வந்துவிடுகிறது. நெல்லை டவுன் ரதவீதிப் பட்டறையில் ஆசாரி ஒரு நகையைக் கையில் வாங்கியதும் சன்னல் பக்கம் திரும்பி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பாரே, இணையத்தில் அதற்கு ஈடாக நமக்குக் கிடைப்பது இந்தச் சுழல் படம் ஒன்றுதான்.

சுழல் படம் என்றால் இரண்டு வகை. இரண்டும் வேண்டும், ஒன்று இருந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. முதலாவது படுக்கைச் சுற்று. காசு சுழல்மேசையில் படுத்திருக்கும், கேமரா நேர் மேலே, விளக்கு தாழ்வாக ஒரு பக்கம். மேசை சுற்றச் சுற்ற வெளிச்சம் காசின் எல்லாத் திசையிலிருந்தும் வந்து போகும். எழுத்து, உருவம், கீறல், கொத்தல் எல்லாம் இதில்தான் தெரியும். இரண்டாவது நட்டச் சுற்று. காசு விளிம்பில் நிற்கும், கேமரா நேர் எதிரே. முன்பக்கம், விளிம்பு, பின்பக்கம், மறுவிளிம்பு என்று எல்லாம் வரிசையாக வந்து போகும். அச்சடிக்காமல் உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்புப் போலி பெரும்பாலும் மாட்டுவது இதில்தான்.

விற்பவரிடம் கேட்பதையும் தெளிவாகக் கேட்க வேண்டும். 'வீடியோ அனுப்புங்க' என்றால் உள்ளங்கையில் காசை வைத்து ஆட்டி நாலு நொடிப் படம் வரும், ஒன்றுக்கும் உதவாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'அண்ணாச்சி, காச படுக்கப் போட்டு ஒரு சுத்து, நட்டமா நிறுத்தி ஒரு சுத்து, ரெண்டும் மெதுவா எடுத்து அனுப்புங்க. விளக்க நகத்தாதீங்க. வாட்ஸ்அப்ல வீடியோவா போடாம டாக்குமெண்டா போடுங்க.' கடைசி வரி முக்கியம். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். சுருங்கும்போது முதலில் போவது நுண்கீறல், நமக்கு வேண்டியதும் அதுதான். ஜிஃப் கோப்பாகச் செய்து அனுப்புகிறவர்களும் உண்டு. அதில் 256 நிறம்தான். களிம்பின் நிறபேதம் எல்லாம் பட்டை பட்டையாகிப் போகும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி எடுக்கும் முறை. விற்பவருக்கும் வேண்டும், வாங்கிய பின் பதிவு செய்துகொள்ள வாங்குகிறவருக்கும் வேண்டும்.

சுழல்மேசைக்கு மைக்ரோவேவ் அடுப்பின் தட்டுச் சுற்றும் மோட்டாரைக் கழற்றிப் போடுவது பலரும் செய்யும் வேலை. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 சுற்று, ஒரு சுற்றுக்கு 12 நொடி. இது காசுக்கு அதிக வேகம். கணக்கைப் பாருங்கள்: 15 மில்லிமீட்டர் காசு, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர். அந்த நேரத்துக்குள் காசு 0.6 டிகிரி திரும்பிவிடும், விளிம்பு 0.08 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 1080 பிக்சல் உயரத்தில் காசு நிறைந்திருந்தால் விளிம்பில் ஐந்தாறு பிக்சல் அளவுக்கு மங்கல் விழும். விளிம்போரம் ஓடும் எழுத்து இதில் அழிந்தே போகும். சுற்றுக்கு 40 நொடி என்று வேகத்தைக் குறைத்தால் மங்கல் இரண்டு பிக்சலுக்குள் நின்றுவிடும், நொடிக்கு 25 படம் வீதம் சுற்றுக்கு ஆயிரம் படம் கிடைக்கும். அந்த மோட்டாரில் இன்னொரு தொல்லை, ஒவ்வொரு முறை போடும்போதும் எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு நேரடியாக 230 வோல்ட். நகைக்கடைக் காட்சிக்கு விற்கும் யூஎஸ்பி சுழல்தட்டு, வேகம் குறைக்க வசதியுள்ளதாக வாங்கினால் இந்த வம்பு எதுவும் இல்லை.

ஒவ்வொரு கோணத்திலும் நின்று நின்று நிழற்படம் எடுப்பதென்றால் 28பிஒய்ஜே-48 என்ற, அடியடியாக (ஸ்டெப்) நகரும் சின்ன ஸ்டெப்பர் மோட்டாரும் அதை இயக்க அதோடு வரும் யூஎல்என்2003 பலகையும் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் போதும். 5 வோல்ட்தான், பவர் பேங்கிலேயே ஓடும். முழு அடியில் சுற்றுக்கு 2048 அடி என்று கணக்கு வைப்பார்கள். 36 படம் என்று வைத்தால் அடி முழு எண்ணாக வகுபடாது. 32 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள், படத்துக்கு 64 அடி, 11.25 டிகிரி. உள்ளே இருக்கும் பல்சக்கர விகிதம் சரியாக 64 இல்லை, 63.68 என்பதால் உண்மையில் சுற்றுக்கு 2038 அடிதான் வரும். முடிவில் காசு ஒன்றே முக்கால் டிகிரி கூடுதலாகத் திரும்பி நிற்கும். நம் வேலைக்கு அது பாதகமில்லை. மோட்டார் நின்றதும் உடனே படம் எடுக்காமல் இரண்டு நொடி விடுங்கள், பல்சக்கரத்தின் தளர்வு அடங்க வேண்டும்.

காசை நடுவில் வைப்பதற்குக் கவராயத்தால் ஒரே மையத்தில் ஏழெட்டு வட்டம் போட்ட தாளைச் சுழல்தட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். காசின் நடு, தட்டின் நடுவிலிருந்து 2 மில்லிமீட்டர் விலகினால் சுற்றும்போது படத்துக்குள் காசு 4 மில்லிமீட்டர் அலையும். சதுரக் காசுக்கு மூலைவிட்டம் பார்த்து நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். சங்ககாலப் பாண்டியர் காசுகள் பலவும் சதுரம், அதுவும் நாலு பக்கமும் ஒத்த சதுரமாக இருக்காது.

கேமரா நேர் மேலே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காசு வைக்கும் இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை வையுங்கள். கேமராத் திரையில் லென்சின் பிம்பம் நட்டநடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது. பிறகு தட்டைச் சுற்றுங்கள். பிம்பம் ஆடினால் தட்டு சாய்ந்திருக்கிறது, அடியில் காகிதம் மடித்து வைத்துச் சரிசெய்யுங்கள். இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், மேக்ரோ லென்சில் கூர்மைக்குக் கிடைக்கும் ஆழம் அத்தனை குறைவு. ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில் உண்மை அளவுக்கு நெருங்கி எடுக்கும்போது லென்சின் துளை எஃப் 8-இல் ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். 15 மில்லிமீட்டர் காசு மூன்று டிகிரி சாய்ந்தாலே ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும், ஒரு பக்கம் மங்கும். எஃப் 16-க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் இந்த நெருக்கத்தில் அது எஃப் 32 போல வேலை செய்து படம் முழுவதையும் மென்மையாக்கிவிடும். தேய்ந்த காசுக்கு மென்மை ஆகாது.

நட்டச் சுற்றில் இந்தக் கணக்கு தலைகீழ். காசு திரும்பும்போது அதன் ஒரு ஓரம் கேமராவை நோக்கி வரும், மறு ஓரம் விலகிப் போகும். காசின் அகலம் முழுவதும் ஆழத்தில் வந்துவிடும். மேக்ரோ லென்சில் இதைச் சமாளிக்க முடியாது. நல்ல போன் இருந்தால் நட்டச் சுற்றைப் போனிலேயே எடுங்கள். சென்சார் சிறிதாக இருப்பதால் கூர்மையின் ஆழம் தாராளம். காசிலிருந்து ஓர் அடி தள்ளி, 2 மடங்கு டெலி கேமராவில் வையுங்கள். போனின் மேக்ரோ முறை வேண்டாம். பெரும்பாலான போன்களில் அது அகலக் கோணக் கேமராவுக்கு மாறிவிடும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நெருங்கச் சொல்லும். போனின் நிழலே காசின் மேல் விழும், அருகிலிருக்கும் ஓரம் உப்பித் தெரியும்.

காசை நிறுத்துவதற்குப் பசை கூடவே கூடாது. ஒட்டுக்களிமண் எண்ணெய்த் தடம் விடும், செம்பில் அந்த இடம் கறுத்துப் போகும். ரப்பரில் கந்தகம் இருக்கும், வெள்ளியில் கருமை ஏறும். பொட்டலத்துக்குள் வரும் வெள்ளைப் பாலித்தீன் நுரையில் பிளேடால் ஒரு கீறு கீறி, அதில் காசைச் செருகுங்கள். இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போனால் நிற்கும். அந்த இரண்டு மில்லிமீட்டர் விளிம்பு படத்தில் வராது என்பதால், காசைக் கால் சுற்றுத் திருப்பிச் செருகி இன்னொரு முறையும் எடுக்க வேண்டும். ஒரே ஒரு நட்டச் சுற்று அனுப்பும் விற்பவரிடம் இந்த இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். ஊற்றுவாய்த் தடம், அதாவது வார்க்கும்போது உலோகம் ஊற்றிய வாயின் வடு, உள்ள இடத்தைக் கீழே வைத்துச் செருகிவிட்டால் யாருக்கும் தெரியாது. நூலில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் வேண்டாம், முக்கியமாக ஆனி ஆடியில். தென்காசிப் பக்கக் கணவாய்க் காற்று சன்னலைச் சாத்தினாலும் எங்காவது ஒரு சந்து வழியாக வரும், காசு நிற்காது.

விளக்கு ஒன்று போதும். இரண்டு விளக்கு வைத்தால் ஒன்றின் நிழலை மற்றது நிரப்பிவிடும், பிறகு சுற்றுவதற்கே அர்த்தமில்லை. காசிலிருந்து 27 சென்டிமீட்டர் தள்ளி, 10 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் சாய்வு ஏறக்குறைய 20 டிகிரி. தேய்ந்த செப்புக்கு இது சரியான இடம். பிறகு 45 டிகிரியில் இன்னொரு சுற்று எடுங்கள், நிறமும் களிம்பும் அதில் தெரியும். செப்புக்காசுக்கு விளக்கை மறைக்காமல் விடலாம். தங்கம், வெள்ளி என்றால் விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பர் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டு விழுந்து உள்ளே இருப்பது தெரியாது. விளக்கைக் கட்டாயம் படத்தின் மேல்பக்கம் வையுங்கள். கீழிருந்து வெளிச்சம் வந்தால் கண் ஏமாறும், மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். சிலர் சுற்றிய படங்களை மென்பொருளில் நேராக்கி, காசு அசையாமல் நிற்பதுபோலச் செய்து தருவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் வெளிச்சம்தான் சுற்றும், பாதிச் சுற்றில் அது கீழிருந்து வரும். அப்போது குழி எழுத்துபோல் தெரிந்தால் அதை நம்ப வேண்டாம். நேராக்காத படத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

எல்இடி விளக்கு வீட்டு மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை மினுங்கும். போன்கள் இயல்பாக நொடிக்கு 30 படம் எடுப்பதால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். 25 படம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று வைத்தால் நின்றுவிடும். பவர் பேங்கில் ஓடும் விளக்கு நல்லது, ஆனால் வெளிச்சத்தைக் குறைத்து வைக்காதீர்கள், குறைக்கும்போது பலவும் மினுங்கத் தொடங்கும். போனில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பூட்டாமல் விட்டால் நட்டச் சுற்றில் காசு விளிம்பு காட்டும் கணத்தில் பின்னணியைப் பார்த்து வெளிச்ச அளவு எகிறும், விளிம்பு வெளுத்துப் போகும். பார்க்க வேண்டிய அந்த ஒரு இடம் அப்படியே வீணாகிவிடும். பின்னணிக்குக் கறுப்பு வெல்வெட்டை விடச் சாம்பல் அட்டை மேல். ஆற்றுக்காசு பலவும் கறுப்பாகத்தான் இருக்கும், வெல்வெட்டில் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

இனி பார்க்கும் வேலை. வீடியோவை இறக்கிக் கணினியில் விஎல்சி-யில் திறந்து, ஈ விசையை அழுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். ஓடவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

படுக்கைச் சுற்றில் முதலில் தேட வேண்டியது எழுத்தைச் சுற்றியுள்ள தரை. எழுத்துள்ள காசுக்கும் இல்லாததற்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். 'பெருவழுதி' என்று தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் பெயர் பொறித்த சங்ககாலப் பாண்டியர் காசு, 'எல்லாந்தலையானான்', 'கச்சி வழங்கும் பெருமாள்', 'சோணாடு கொண்டான்' என்று பட்டம் பொறித்த பிற்காலப் பாண்டியர் காசுகள், இவற்றில்தான் உளிக்காரன் கை நீளும். அச்சில் அடித்த எழுத்து மேடாக இருக்கும். தேய்ந்த காசில் மேடு உண்டாக்க வழி ஒன்றுதான், சுற்றியுள்ள தரையைக் கொத்தித் தாழ்த்த வேண்டும். 20 டிகிரி வெளிச்சத்தில் சுற்றும்போது அந்த எழுத்து வரிசையைச் சுற்றி ஒரு பள்ளம், மற்ற தரையைவிடத் தாழ்வாக, நிழல் தேங்கும் இடமாகத் தெரியும். வெளிச்சம் எந்தத் திசைக்குப் போனாலும் அந்தத் தேக்கம் எதிர் ஓரத்துக்கு நகருமே தவிர மறையாது. அதோடு, பள்ளத்துக்குள் ஒரே திசையில் ஓடும் மெல்லிய இணைக்கீறல்கள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும், இரண்டு மூன்று படத்துக்குள், பளிச்சென்று மின்னி அணையும். பழைய தேய்மானம் அப்படி மின்னாது, அது எல்லாத் திசையிலும் குழைந்தே இருக்கும்.

இதே சோதனை ரோமானியக் காசுக்கும் உதவும். புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த புதையலில் உள்ளதுபோல, தென்னாட்டில் கிடைக்கும் ரோமத் தங்கக் காசுகளில் அரசன் தலையின் குறுக்கே வெட்டு இருப்பது உண்டு. பழைய வெட்டின் உதடுகள் மழுங்கியிருக்கும், அடியில் மற்ற இடத்தைப் போலவே மண்ணும் நிறமும் இருக்கும். புதிய வெட்டின் உதடு கூராக எழும்பி, வெளிச்சம் குறுக்கே வரும் கணத்தில் கம்பிபோல் மின்னும்.

களிம்பு பற்றிச் சொல்ல வேண்டும். கொற்கை, திருச்செந்தூர் கடலோரப் பக்கம் மண்ணில் கிடந்த செம்பில் உப்பு ஏறியிருக்கும். செம்புக் குளோரைடு உள்ளே தங்கி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாகப் புறப்படும். புறப்படும்போது அமிலமும் உண்டாவதால் அது காசைத் தொடர்ந்து தின்னும். இதைத்தான் வெண்கல நோய் என்கிறார்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடங்கிக் கிடக்கும், நம் கடலோரத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை. நிலைத்த களிம்புக்கு ஒரு மினுக்கம் உண்டு, சுற்றும்போது ஒளிரும், மங்கும். நோய்ப் பொடி எந்தக் கோணத்திலும் சுண்ணாம்புபோல ஒரே வெளிர்ப்பாக இருக்கும். 45 டிகிரிச் சுற்றில் இது நன்றாகத் தெரியும். அப்படி ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தக் காசை வேறு காசுகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

நட்டச் சுற்றில் விளிம்பு. சுற்றிலும் நடுவே ஓடும் மெல்லிய தையல் கோடு, அல்லது அதை மறைக்க அரத்தால் தேய்த்த குறுக்குக் கீறல், இரண்டும் வார்ப்புக்கு அடையாளம். ஆனால் ஓரிடத்தில் மட்டும் ஊற்றுவாய்த் தடம் இருப்பதைப் பார்த்ததும் போலி என்று முடிவுகட்டக் கூடாது. வில்லையை ஊற்றி, பிறகு அச்சடித்த பழங்காசுகளும் உண்டு. அடித்த காசில் விளிம்பிலிருந்து உள்நோக்கி வெடிப்பு இருக்கும், வெடிப்பின் உள்சுவர் கரடுமுரடாக இருக்கும். வார்த்ததில் வெடிப்பும் வார்ப்பு அச்சிலிருந்து வந்ததே என்பதால் அடிப்பகுதி குழைந்து மூடியிருக்கும். வெள்ளிக்காசு விளிம்பில் செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் முலாம்.

நட்டச் சுற்று இன்னொன்றும் காட்டும். முன்பக்கம் நேராக நிற்கும்போது பின்பக்கம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. கையால் அடித்த காசில் இது காசுக்குக் காசு மாறும். ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு, ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் உள்ளது, நம் பக்கத்தில் ஏராளம். ஒரே விற்பனையாளரிடம் அதில் நாலைந்து இருந்து, எல்லாவற்றிலும் பின்பக்கக் கோணம் ஒன்றாகவும், ஒரே இடத்தில் ஒரே குழியும் இருந்தால் அவை ஒரு தாயின் பிள்ளைகள், ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை. அசலிலிருந்து வார்த்தது ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கியும் இருக்கும். அதனால் விட்டத்தையும், 0.01 கிராம் காட்டும் தராசில் எடையையும் சேர்த்தே கேளுங்கள். சுழல் படம் எடையைக் காட்டாது.

எங்கிருந்து வந்தது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'தாமிரபரணியில் அரித்தது' என்பது பெருமையாகச் சொல்லப்படும் விவரம், ஆனால் மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878 புதையல் சட்டம் சொல்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

பொட்டலம் வந்ததும் பிரிப்பதிலிருந்து படம் எடுங்கள். பிறகு அதே 20 டிகிரி, அதே இரண்டு சுற்று. விற்பவர் அனுப்பிய வீடியோவையும் உங்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளிம்பு வெடிப்புகளை எண்ணி ஒப்பிடுங்கள். முகப்பு ஒத்துப்போகிறது என்று விட்டுவிட வேண்டாம், ஒரே அச்சில் அடித்த இன்னொரு காசிலும் முகப்பு ஒத்துப்போகும், விளிம்பு ஒத்துப்போகாது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட்டு, இரண்டு வீடியோவையும் எடை, விட்டம், வாங்கிய ரசீதோடு ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள்.